வாடை வரும் வீடு

சமையலறை ஜன்னல் திறக்கவில்லை. குணசுந்தரி கரண்டிக் காம்பை இடுக்கில் விட்டு நெம்பினாள். வளைந்தது காம்புதான். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுவிட்டுப் போன கரண்டி.

“அது தொறக்காதும்மா,” என்று கூடத்திலிருந்து வீட்டுக்காரர் சொன்னார். “தொறந்தாலும் அடுத்த வீட்டு சுவர்தான்.”

கூடத்தில் அவள் கணவன் பீம்ராவ் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். காலடியில் குணசுந்தரியின் துணிப்பை. தண்டையார்பேட்டையில் வீடு பார்க்க வரும்போது துணிப்பை எதற்கு என்று வீட்டுத் தரகர் லியாகத் அலி இரண்டு முறை கேட்டுவிட்டார். பீம்ராவ் பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினான்.

“ராவ்னு பாய் சொன்னார்,” என்றார் வீட்டுக்காரர். “எந்த ஊர் ராவ்? தஞ்சாவூரா, மைசூரா?”

“வியாசர்பாடி ராவ் சார்.”

லியாகத் அலி இருமினார்.

“முழுப் பேரு?”

“பீம்ராவ்.”

வீட்டுக்காரர் எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க சைவம். வாடை வந்தா எங்களுக்கு ஆகாது.”

“எனக்கும் ஆகாது சார்,” என்றான் பீம்ராவ். மனதாரத்தான் சொன்னான். “அதான் கேக்கறேன், இங்க வாடை கீடை எதுவும் வராதே?”

“வரவே வராது. நாலு பக்கமும் சுவர்.”

பீம்ராவின் முகம் மலர்ந்தது. குணசுந்தரி கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள்.

“வாடையே வராதா?”

“வராதும்மா.”

“ஒரு ஜன்னல்ல கூட?”

“சத்தியமா வராது.”

“வாடை வராத வூட்ல மனுசன் எப்டி சார் இருப்பான்?” என்றாள். கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

வீட்டுக்காரர் பீம்ராவைப் பார்த்தார். பீம்ராவ் லியாகத் அலியைப் பார்த்தான். லியாகத் அலி மின்விசிறியைப் பார்த்தார்.

“இன்னா ராவ் சார்,” என்றார் தரகர் தெருவுக்கு வந்ததும். “ஊரே வாடை வராத வூடு கேக்குது. நீயும் அதான் கேக்கற. உன் வூட்டம்மா வர்ற வூடு கேக்குது. நான் இன்னாதான் காட்றது?”

“ராயபுரத்துல ஒண்ணு கீதுன்னியே பாய்.”

“கீது. அதை யாருக்கும் காட்றதில்ல.”

“ஏன்?”

“வாடை,” என்றார் லியாகத் அலி.

குணசுந்தரி திரும்பி வந்தாள். “அதைக் காட்டு பாய்.”

பீம்ராவுக்கு முப்பத்தொரு வயது. திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில், லாரிகளை எடை போடும் ‘வே பிரிட்ஜ்’ மேடையில் வேலை. லாரி ஏறும், திரையில் எண் தெரியும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பான். பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி எம்.கே.பி. நகர் வாரியக் குடியிருப்பில், கால்வாயைப் பார்த்த வீட்டில். அந்த இடத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத மூக்கு அவனுக்கு. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் என்ன குழம்பு என்று சொல்லிவிடுவான். முதலில் எல்லாரும் அதைத் திறமை என்றார்கள். பிறகு வியாதி என்றார்கள். கால்வாய்ப் பக்கத்து ஜன்னலை அவன் சாத்துவான், அவன் அப்பா பரசுராமன் திறப்பார். “உனக்கு எவன்டா இந்த மூக்க வெச்சான்?” என்று கேட்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு தைல பாட்டில் இருக்கும். வாழ்க்கையில் அவன் பெரிதாக எதையும் ஆசைப்பட்டதில்லை. நாற்றம் இல்லாத ஒரு வீட்டில் படுத்துத் தூங்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்காக ராயபுரத்தில் ஒரு லேபுக்குப் போனான். பஞ்சில் நனைத்த ஸ்பிரிட்டின் நெடி ஏறி மயங்கி விழுந்தான். ஊசியோடு நின்றிருந்தவள் குணசுந்தரி. “நான் இன்னும் குத்தவே இல்லியே” என்பதுதான் அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு. அவள் திருவொற்றியூர்க் குப்பத்துப் பெண். அப்பா கருணாகரன் கடலுக்குப் போனவர், முட்டி போனதால் இப்போது கரையில் இருக்கிறார். இரண்டு வீடுகளும் ஒரு வருடம் கோபமாக இருந்தன. பிறகு அலுத்துப்போய்க் கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டன.

குப்பத்து விருந்தில் பீம்ராவ் மூக்கின் கீழே தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்தான். மாப்பிள்ளைக்குத் தலைவலி என்று கருணாகரன் எல்லாரிடமும் சொல்லிச் சமாளித்தார். அதற்குப் பிறகும் குப்பத்துக்குப் போனால் முதல் ஒரு மணி நேரம்தான் அவனுக்குக் கஷ்டம். நாலைந்து தும்மல் போடுவான். அப்புறம் எதிரில் கருவாடு காய்ந்தாலும் பேசாமல் உட்கார்ந்திருப்பான். “பயகிப்போச்சு” என்பான். பழகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

கல்யாணமாகி எம்.கே.பி. நகருக்கு வந்த குணசுந்தரிக்கு, ஓரறை வீட்டில் பீம்ராவின் அண்ணியோடும் அண்ணன் பிள்ளைகளோடும் சமையல்கட்டில் படுக்கை. பீம்ராவுக்கு வெளியே நடையில். கணவனும் மனைவியும் தனியாகப் பேசிக்கொள்வது பஸ்ஸில்தான். அதுவும் உட்கார இடம் கிடைத்தால். தனி வீடு பார்க்கலாம் என்று முடிவு செய்ததும் பஸ்ஸில்தான். என்ன மாதிரி வீடு வேண்டும் என்று அவன் கேட்டான்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்யா,” என்று அவள் ஹாரன் சத்தத்துக்கு மேலே கத்தினாள். “வாடை ஒயுங்கா வரணும்.”

குப்பத்தில் காற்றுக்குப் பெயர் உண்டு. கிழக்கேயிருந்து வந்தால் கொண்டல். மேற்கேயிருந்து வந்தால் கச்சான். வடக்கேயிருந்து வந்தால் வாடை. ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் வாடைதான். அது வீட்டுக்குள் புகுந்து அடுத்த வாசலில் வெளியேற வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் படுத்தே வளர்ந்தவள் குணசுந்தரி. இங்கே காற்று புழங்காத சமையல்கட்டில் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். ‘வாடைக்காத்து’ என்று முழுதாகச் சொல்லியிருந்தால் பீம்ராவுக்கும் புரிந்திருக்கும். குப்பத்தில் யாரும் அதை முழுதாகச் சொல்வதில்லை. எம்.கே.பி. நகரில் வாடை என்றால் கால்வாயிலிருந்து வருவது.

ஆகவே பீம்ராவ் ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்தவுடன் வாடை வருமா என்று கேட்டான். ஒவ்வொரு வீட்டுக்காரரும் வராது என்று சத்தியம் செய்தார். ஒவ்வொரு முறையும் அவன் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு முறையும் குணசுந்தரி வேண்டாம் என்றாள். வேண்டுமென்றே காற்று வராத வீடாகத் தேடிப் பிடிக்கிறான், அவனுக்குத் தன் அம்மா வீட்டை விட்டு நகர மனமில்லை என்பது அவள் எண்ணம். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று அவனும் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். அதை வெளியே சொல்ல அவனுக்குக் கூச்சம்.

செவ்வாய்க்கிழமை மார்கழி பிறக்கிறது. மார்கழியில் யாரும் புது வீட்டுக்குக் குடிபோக மாட்டார்கள். பீம்ராவின் வீட்டில் புத்தர் படம்தான், அவர்களுக்கு மார்கழியும் ஒன்றுதான் மாசியும் ஒன்றுதான். கருணாகரனுக்கு அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு அமையாவிட்டால் அப்பாவோடு போய்விடுகிறேன், நீ சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போ என்று குணசுந்தரி சொல்லியிருந்தாள். தை பிறந்தால் வருவாயா என்று அவன் கேட்டான். பார்க்கலாம் என்றாள். அந்த ‘பார்க்கலாம்’தான் அவனை உறுத்தியது. இன்று ஞாயிற்றுக்கிழமை. துணிப்பை அதற்குத்தான்.

ராயபுரத்து வீடு கல்மண்டபத்துக்குக் கிழக்கே ஒரு சந்தில் இருந்தது. வீட்டுக்காரி ஞானம் கீழே குடியிருந்தார். மாடியில் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. அதற்கு மேலே மொட்டை மாடி. வடக்கே கொஞ்ச தூரத்தில் மீன்பிடித் துறைமுகம். படிகள் பினாயில் விட்டுக் கழுவப்பட்டிருந்தன. பீம்ராவ் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தான். பினாயிலுக்குப் பின்னால் மீன். மீனுக்குப் பின்னால் டீசல். சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டான்.

“இதுக்கு மின்ன இருந்தவன் ஒரு மாசம் கூட தங்கல,” என்றார் லியாகத் அலி மெதுவாக. “மீன் வாடைன்னு சொல்லிட்டு பூட்டான். அதுக்கு மின்ன இருந்தவனும் அதான். அந்தம்மா முன்னாடி வாடைன்ற வார்த்தைய மட்டும் எட்த்துடாதீங்க. அயும், இல்லாங்காட்டி அடிக்கும்.”

குணசுந்தரி அதற்குள் மேலே போய்விட்டாள். மகளை அழைத்துப் போகத் திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்திறங்கிய கருணாகரனும் பின்னாலேயே ஏறிவிட்டார். இருவர் காதிலும் இது விழவில்லை.

மாடியின் வடக்கு ஜன்னல் லேசாகத் தொட்டதுமே திறந்துகொண்டது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டு கீழே விழுந்தது. குணசுந்தரி அதை எடுக்கவில்லை. ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்று பீம்ராவ் பார்த்ததில்லை.

மொட்டை மாடியில் ஞானம் ஒரு மூங்கிலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கட்ட முயன்றுகொண்டிருந்தார். நட்சத்திரம் நிற்கவில்லை. கருணாகரன் கயிற்றை வாங்கி ஒரு முடிச்சுப் போட்டார், நின்றது. அவருடைய சட்டை பின்பக்கம் பலூன் மாதிரி உப்பியிருந்தது. கண்ணை மூடி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

“ஆகா,” என்றார். “இன்னா வாடை.”

ஞானத்தின் கை மூங்கிலிலேயே நின்றது.

“வூடு பூரா வாடைதாம்மா,” என்றார் கருணாகரன். “கீய படியிலயே எனக்குத் தெரிஞ்சிபோச்சி.”

“இன்னா சொன்ன?”

“வாடை. சும்மா பிச்சிக்கினு அடிக்குது.”

“வயசான மனுசனாச்சேன்னு பாக்கறேன்,” என்றார் ஞானம். “கீய எறங்கு.”

“இன்னாத்துக்கும்மா கோவம்? நல்லதுதான சொன்னேன். இந்த மாதிரி வாடை எங்க குப்பத்துல கூட கெடையாது.”

“குப்பத்துல கூட இல்லாத வாடையா என் வூட்ல?”

லியாகத் அலி இரண்டு படி கீழே இறங்கி நின்றுகொண்டார். பீம்ராவ் காற்றில் நடுங்கிக்கொண்டு நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் வால் தெற்கே பார்த்துப் பறந்தது. மாமனாரின் சட்டையும் தெற்கே பார்த்துத்தான் உப்பியிருந்தது.

“மாமா,” என்றான். “வாடை எந்தப் பக்கத்துலருந்து வருது?”

“இது இன்னா கேள்வி மாப்ள? வாடை வடக்கேருந்துதான் வரும். தெக்கேருந்து வந்தா அது வாடையா?”

பீம்ராவ் தும்மினான். இன்னொரு முறை தும்மினான். பிறகு ஞானத்திடம் போனான்.

“அம்மா, அவரு காத்தை சொல்றாரு.”

“காத்துல வராம கால் மொளச்சி நடந்தா வருது?” என்றார் ஞானம். துடைப்பம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எல்லாரும் கீழே இறங்கினார்கள்.

சந்து முனையில் டீக்கடை இருந்தது. லியாகத் அலி தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். போகும்போது, தொழில் தொடங்கின நாளிலிருந்து இப்படி ஒரு பேஜாரு பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பீம்ராவ் டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான்.

“குணா. வாடைன்னா காத்தா?”

“பின்ன?”

“நான் நாத்தம்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

குணசுந்தரி டம்ளரைக் கீழே வைத்தாள். “இவ்ளோ நாளாவா?”

“ஆமா.”

“வாடை வர்ற வூடு வோணும்னு பஸ்ல கத்துனேனே. நாத்தம் வர்ற வூட்டுக்காவா நான் அலைஞ்சேன்?”

“கடல்பக்கத்துப் பொண்ணு. அந்த மீன் நாத்தம் இல்லாம தூக்கம் வரலன்னு நெனச்சேன். அதை உன்னாண்ட எப்டி கேக்கறது.”

கருணாகரன் தன் டீயோடு திரும்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டார்.

“அப்டி நெனச்சிக்கினு இன்னா பண்ண?” என்றாள் அவள்.

“வூட்டுக்காரனுங்கள கேக்கறப்ப என் ஆசையதான் கேட்டேன். அது தப்புதான். ஆனா உனக்கு நாத்தம் வர்ற வூடே அமைஞ்சிச்சின்னா இன்னா பண்றதுன்னு தைலம் வாங்கி வெச்சிட்டேன்.”

“எவ்ளோ?”

“ஒரு டஜன். வே பிரிட்ஜ் ட்ராயர்ல கீது.”

குணசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. கோபம் மிச்சமிருந்ததால் அடக்கிக்கொண்டாள். பிறகு துணிப்பையைப் பார்த்தாள்.

“எனக்கு அந்த வூடுதான்யா புடிச்சிருக்குது. ஆனா வாடை வந்தா மீன் வரும். உன்னால ஆவாது. நான் அப்பாகூட போறேன். தை பொறந்ததும் வேற பாக்கலாம்.”

“வாடை அடிக்கறப்பதாம்மா மீன் வரும்,” என்றார் கருணாகரன் ரோட்டைப் பார்த்தபடியே. “தென்றல் திரும்பிச்சின்னா ரெண்டும் இல்ல.”

பீம்ராவ் டீயை வாயருகே கொண்டு போனான். அதில் இஞ்சி இருப்பது கண்ணில்தான் தெரிந்தது. டம்ளருக்குள்ளேயே மூக்கை விட்டு இழுத்தான். கடையோரம் ஒரு கூடைக்காரி சங்கரா மீனை இறக்கி வைத்திருந்தாள். அவளருகே போய்க் குனிந்து இழுத்தான்.

“வாங்கறியா, மோந்து பாத்துட்டுப் போறியா?” என்றாள் கூடைக்காரி.

“நல்ல மீனாக்கா?”

“நாத்தம் அடிக்குதா உனக்கு?”

“இல்ல,” என்றான் பீம்ராவ். டம்ளரை வைத்துவிட்டுச் சந்துக்குள் நடந்தான். என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே குணசுந்தரி துணிப்பையோடு பின்னால் ஓடினாள்.

ஞானம் கதவைப் பாதிதான் திறந்தார்.

“வேற இன்னா?”

“அம்மா, எங்க மாமா காத்தைத்தான் சொன்னாரு. அவுங்க பக்கத்துல வாடைக்காத்துக்கு வாடைன்னுதான் பேரு.”

“எல்லாரும் ஒரு பேரு வெச்சிக்கினுதான் வர்றீங்க. நான் பொறந்து வளந்த எடம்பா இது. மூக்கைப் புடிச்சிக்கினு படியேர்றவன பாத்தா வயிறு எரியுது. உன் பாக்கெட்டுல இன்னா அது, தைலமா? நீயும் அந்த கோஷ்டிதான். எனக்கு மூக்கு பத்திலாம் தெரியும்.”

“அப்ப என்னையே நிக்க வெச்சி பாருங்க.”

ஞானம் அவனை மேலும் கீழும் பார்த்தார். தைல பாட்டிலை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். மாடிக்கு அழைத்துப் போய் வடக்கு ஜன்னல் முன்னால் நிறுத்தினார். துறைமுகத்தில் படகுகள் வந்திருந்த நேரம். குணசுந்தரி சேலைத் தலைப்பைப் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இழு,” என்றார் ஞானம்.

இழுத்தான்.

“இன்னும் நல்லா. இப்ப சொல்லு. உங்காத்தா மேல சத்தியமா சொல்லு. இன்னா வருது?”

“ஒண்ணும் வரலம்மா.”

“மெய்யாலுமா?”

“மெய்யாலுமே. பினாயில் கூட வரல.”

ஞானத்துக்குக் கண் கலங்கியது. “இத்தினி வருசத்துல ஒயுங்கான மூக்கோட ஒருத்தன் வந்தான்,” என்றார். தைல பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். நாளைக்கே வந்து பால் காய்ச்சிக்கொள்ளச் சொன்னார். வாடகையைப் பற்றி பாயிடம் பேசிக்கொள்கிறேன் என்றார்.

படியில் இறங்கும்போது குணசுந்தரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்காவ ஆத்தா மேல பொய் சத்தியம் பண்ணிட்டியே.”

“பொய் இல்ல குணா. எனக்கு மூக்கு அடச்சிருக்குது. வாடை பட்டாலே அடைக்குது போல. உங்க குப்பத்துலயும் இதான் நடந்திருக்குது.”

“சும்மா இருய்யா,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்குத் தெரியாதா?”

அவன் மறுபடியும் சொன்னான். அவள் நம்பவில்லை. டீக்கடையில் கருணாகரனிடமும் சொன்னான். அவர் மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார். துணிப்பை எங்கே என்று கேட்டார். ஞானத்தின் வீட்டு மாடியிலேயே வைத்துவிட்டதாகக் குணசுந்தரி சொன்னாள்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் எம்.கே.பி. நகரிலிருந்து ஒரு குட்டி யானை வேனில் கோரைப்பாய், பீரோ, அடுப்பு, புத்தர் படம் வந்தன. பீரோ படியில் திரும்பவில்லை. கயிறு கட்டி வெளியே இருந்து தூக்கினார்கள். முடிச்சைக் கருணாகரன் போட்டார். பரசுராமன் மாடிக்கு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, மீன் நாற்றம் அடிக்கிறதே என்றார். ஞானம் கீழே இருந்ததால் கேட்கவில்லை. பால் காய்ச்சும்போது பீம்ராவை அடுப்பருகே நிறுத்திவிட்டு மற்றவர்கள் காற்று வாங்க மொட்டை மாடிக்குப் போனார்கள். பால் பொங்கியது. பொங்கிய பிறகும் மற்றவர்கள் வரட்டும் என்று அவன் அடுப்பை அணைக்காமல் நின்றான். பாத்திரம் அடிப்பிடித்தது. குணசுந்தரி ஓடிவந்து அணைத்தாள். தீய்ந்த வாடை மேலே வரைக்கும் வருகிறது, உனக்கு வரவில்லையா என்று கேட்டாள். வரவில்லை என்றான். நேற்று அவன் செய்தது பொய் சத்தியமில்லை என்று அவளுக்குப் புரிந்தது. தீயாத பாலை மேலாக எடுத்து எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். அவன் மத்தியான ஷிப்டுக்குப் போனான். இரண்டு லாரி மீன் தூள் எடைக்கு வந்தது. தைலம் இருந்த ட்ராயரைத் திறக்காமலே சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். சாயங்காலம் அவள் லேபிலிருந்து வரும் வழியில் ஜன்னலுக்கு ஒரு கொக்கி வாங்கி வந்தாள். திறந்த கதவு அடித்துக்கொள்ளாமல் இருப்பதற்கு.